போரில் வென்ற தளபதி கைதிகளை என்ன செய்ய வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்க்கைதிகள் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கேள்விகள்தான் முதலில் வருகின்றன. "பிடித்தவுடன் சுட்டுவிடுவார்களா?" "ரகசியம் கேட்டு அடிப்பார்களா?" இரண்டும் நடந்திருக்கிறது; இரண்டும் குற்றம். ஆனால் ஒரு கைதி பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் வேறு விஷயங்களில் இருக்கிறது: அவன் பெயரை யாராவது எழுதிக்கொண்டார்களா, தண்ணீர் வந்ததா, ராத்திரிக்குள் அங்கிருந்து லாரி கிளம்பியதா. இந்தப் பதில்களில் நான் அடிக்கடி 1971 டிசம்பர் டாக்காவுக்குத் திரும்புவேன். இன்று வங்காளதேசமான அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் பாகிஸ்தான் படை இந்தியாவிடம் சரணடைந்த இடம் அது. ஒரே பிற்பகலில் சுமார் 93,000 பேருக்குப் பொறுப்பேற்க வேண்டிய நிலை அங்கே வந்தது.

போர்க்கைதி என்று யாரைச் சொல்கிறோம்?

இரண்டு நாடுகளுக்கு இடையிலான போரில் எதிரியின் கையில் சிக்கிய படைவீரர். சீருடை அணிந்த ராணுவத்தினர், துணைப்படையினர், ஒழுங்கான தலைமையின்கீழ் வெளிப்படையாக ஆயுதம் ஏந்திய தொண்டர் படையினர், படையோடு பயணிக்கும் அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்கள்கூட இதில் வருவார்கள். 1949-ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனிவா உடன்படிக்கை இதை விரிவாகச் சொல்கிறது. இந்தியா, பாகிஸ்தான் இரண்டுமே அதை ஏற்றவை. இந்தியாவில் இதற்கென 1960-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள்.

பிடிபட்டவர் படைவீரரா இல்லையா என்று சந்தேகம் வந்தால், தகுதியுள்ள தீர்ப்பாயம் முடிவு செய்யும்வரை அவரைப் போர்க்கைதியாகவே நடத்த வேண்டும். களத்தில் நிற்கும் மேஜரோ கேப்டனோ பார்த்த மாத்திரத்தில் "இவன் உளவாளி" என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இன்னொன்று: கைதி பிடித்த ரெஜிமென்ட்டின் சொத்து அல்ல. அவருக்குப் பொறுப்பு அந்த நாட்டின் அரசு.

சரணடைந்த முதல் சில மணி நேரத்தில் தளபதி என்ன உத்தரவிட வேண்டும்?

ஆபத்து அதிகமுள்ள நேரம் இதுதான். அரை மணி நேரத்துக்கு முன் தன் தோழனைக் கொன்றவன் இப்போது கைகளைத் தூக்கிக்கொண்டு எதிரே நிற்கிறான். ஜவானின் விரல் இன்னும் விசையில் இருக்கிறது. அங்கே இருக்கும் அதிகாரியின் குரல்தான் அந்த விரலை எடுக்க வைக்கும். அதனால் நல்ல தளபதிகள் இந்த உத்தரவைத் தாக்குதலுக்கு முன்பே கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம் வேலைகள் வரிசையாக வரும். ஆயுதங்களை வாங்கிச் சோதனை போட வேண்டும். அதிகாரிகளையும் வீரர்களையும் தனித்தனியே பிரிப்பது வழக்கம். காயம்பட்டவர்களை, எந்தப் பக்கத்தவர் என்று பார்க்காமல், யாருக்கு அவசரமோ அவருக்கு முதலில் என்ற வரிசையில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பிறகு கைதிகளைப் போர்முனையிலிருந்து சீக்கிரம் பின்னால் கொண்டுபோக வேண்டும். வழியில் சாப்பாடும் குடிதண்ணீரும் கொடுக்க வேண்டும். கிளம்பும்போதே பெயர்ப் பட்டியல் எழுத வேண்டும்.

சோதனையில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதில் உடன்படிக்கை வியக்கும் அளவுக்கு நுணுக்கமானது. துப்பாக்கி, வரைபடம், ராணுவ ஆவணம் எடுக்கலாம். இரும்புத் தொப்பியையும் விஷவாயு முகமூடியையும் எடுக்கக் கூடாது. இன்னும் குண்டு விழுந்துகொண்டிருக்கலாம் அல்லவா? பதவிச் சின்னம், பதக்கம், மனைவியின் புகைப்படம் போன்றவை கைதியிடமே இருக்க வேண்டும். பணத்தை எடுப்பதென்றால் ஓர் அதிகாரியின் உத்தரவு வேண்டும், தொகையைப் பதிவேட்டில் எழுத வேண்டும், விவரமான ரசீது கொடுக்க வேண்டும். கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொள்ளும் சிப்பாய் உலகத்தின் எல்லாப் படைகளிலும் இருந்திருக்கிறான். சின்னத் திருட்டாகத் தெரியலாம். ஆனால் அதைக் கண்டும் காணாமலும் விடுகிற படையில் அடுத்து அடி விழும், அதற்கடுத்து உயிர் போகும். அதனால் அந்த ரசீதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

1971-இல் டாக்காவில் உண்மையில் என்ன நடந்தது?

டிசம்பர் 3 அன்று தொடங்கிய போர் கிழக்கில் 13 நாட்களில் முடிந்தது. கடைசி நாட்களில் ராணுவத் தலைமைத் தளபதி சாம் மானெக்‌ஷா வானொலியிலும் துண்டுப் பிரசுரங்களிலும் பாகிஸ்தான் படையினரிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: சரணடையுங்கள், ஜெனிவா உடன்படிக்கைப்படி உங்களை நடத்துவோம். (பின்னாளில் குன்னூரில் குடியிருந்து, 2008-இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மறைந்த அதே மானெக்‌ஷாதான்.) செத்தாலும் சரி என்று சண்டையிடுபவனைவிட, உயிர் தப்பும் என்று நம்புகிறவன் சீக்கிரம் ஆயுதத்தைக் கீழே வைப்பான். வாக்குறுதி இரக்கத்தால் மட்டும் வந்ததல்ல, போர்த்தந்திரமும்கூட.

டிசம்பர் 16 அன்று கிழக்குப் பிராந்தியத்தின் தலைமைப் பணி அதிகாரி மேஜர் ஜெனரல் ஜேக்கப் சரண் ஒப்பந்த வரைவோடு டாக்காவில் இறங்கினார். அன்று மாலை ரமணா பந்தய மைதானத்தில் ஒரு சின்ன மேசை போட்டார்கள். அங்கிருந்த பாகிஸ்தான் படைகளின் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் நியாசி கையெழுத்திட்டு, பதவிப் பட்டையைக் கழற்றி, கைத்துப்பாக்கியை இந்தியத் தரப்பின் கிழக்குத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோராவிடம் கொடுத்தார். ஒன்பது மாதம் பாகிஸ்தான் படையிடம் சித்திரவதை பட்ட நகரத்தின் கூட்டம் நியாசியை நோக்கிப் பாய்ந்தது. இந்திய வீரர்கள் அவரைச் சுற்றி வளையமாக நின்று ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

அந்த ஒற்றைப் பக்க ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை அழுத்தமாகக் காட்ட விரும்புகிறேன். பாகிஸ்தான் படையினர் இருக்கும் இடத்திலேயே, அருகிலுள்ள ஒழுங்குப் படையினரிடம் (முறையான ராணுவத்தினரிடம்) சரணடைய வேண்டும் என்பது ஒன்று. சரணடைந்தோர் வீரர்களுக்குரிய கண்ணியத்தோடு ஜெனிவா உடன்படிக்கைப்படி நடத்தப்படுவார்கள், அவர்களின் பாதுகாப்புக்கு அரோராவே உறுதி என்பது இன்னொன்று.

"ஒழுங்குப் படை" என்ற சொல் அங்கே சும்மா வரவில்லை. குடும்பத்தையே பறிகொடுத்த, முக்தி பாஹினி என்ற வங்காளதேச விடுதலைப் படையின் இளைஞர்கள் ஊரெங்கும் ஆயுதத்தோடு நின்றார்கள். இரண்டே நாளில், டிசம்பர் 18 அன்று, டாக்காவில் கட்டுண்டு கிடந்த சிலரை, பாகிஸ்தானுக்குத் துணைபோனவர்கள் என்று சொல்லி, வெளிநாட்டுப் புகைப்படக்காரர்களின் கண்முன்னே பயனெட்டால் குத்திக் கொன்றார்கள். அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போயின. ஒப்பந்தத்தில் அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் எத்தனை ஆயிரம் பேர் அப்படிப் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

சரணடைந்த பிறகும் பாகிஸ்தான் வீரர்களிடம் துப்பாக்கி இருந்ததாமே?

ஆம், உண்மைதான். டாக்காவைச் சுற்றி 26,000-க்கும் மேற்பட்ட பாகிஸ்தான் படையினர் இருந்தார்கள், நம்மவர்கள் 3,000 பேர்தான் என்று ஜேக்கப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். உடனே ஆயுதத்தைப் பிடுங்கியிருந்தால் கூட்டத்திடமிருந்து அவர்களைக் காக்க ஆள் இல்லை. அதனால் போதுமான இந்தியப் படை வந்துசேரும்வரை தற்காப்புக்கு ஆயுதம் வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். டாக்கா படையினர் முறைப்படி ஆயுதத்தை ஒப்படைத்தது டிசம்பர் 19 அன்று. நேற்றுவரை சுட்டவனை நம்பி அவன் கையிலேயே துப்பாக்கியை விட்டுவைக்க எவ்வளவு நிதானம் வேண்டும்! அந்தப் போரில் நான் மிகவும் மதிக்கும் முடிவுகளில் இது ஒன்று.

இவ்வளவு பேரை எங்கே வைத்தார்கள்? என்ன சாப்பாடு?

93,000 என்பதில் பெரும்பகுதி ராணுவத்தினரும் துணைப்படையினரும். மீதி காவலர்கள், அரசு ஊழியர்கள், பெண்கள், குழந்தைகள். வங்காளதேசத்தில் வைத்திருந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அதனால் இந்தியாவுக்குக் கொண்டுவந்து ராஞ்சி, மீரட், ஆக்ரா, ஜபல்பூர், பரேலி, குவாலியர், ரூர்க்கி என்று கன்டோன்மென்ட் ஊர்களில் முகாம்கள் அமைத்தார்கள்.

உடன்படிக்கையின் விதி எளிது: அதே பகுதியில் உங்கள் வீரர்களுக்கு எப்படிப்பட்ட தங்குமிடமோ அதற்குக் குறையாதது கைதிக்கும் வேண்டும். சிறைச்சாலையில் அடைக்கக் கூடாது. கைதிகளின் வழக்கமான உணவை மனதில் வைத்துச் சமைக்க வேண்டும். தண்டனை என்று மொத்த முகாமுக்கும் சோற்றைக் குறைக்கக் கூடாது. புகையிலைக்கு அனுமதி உண்டு. வழிபாட்டுக்கு இடம் வேண்டும். உடன்படிக்கை முழுவதையும் கைதிகளின் மொழியில் எழுதி எல்லோரும் படிக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும்.

பல இடங்களில் இந்திய வீரர்கள் தங்கள் பாரக்குகளைக் காலிசெய்து கொடுத்துவிட்டுக் கூடாரத்துக்குப் போனார்கள். மானெக்‌ஷா பிறகு லாகூர் போனபோது நடந்ததாக ஒன்றைச் சொல்வார். ஆளுநர் மாளிகைப் பணியாளர் ஒருவர் தன் தலைப்பாகையைக் கழற்றி அவர் காலடியில் வைத்தாராம். அவருடைய ஐந்து மகன்கள் இந்தியாவில் கைதிகள். "என் பிள்ளைகள் கட்டிலில் படுக்கிறார்கள், உங்கள் ஆட்கள் தரையில் படுக்கிறார்கள் என்று கடிதம் எழுதியிருக்கிறார்கள்" என்பது அந்தத் தகப்பனின் பேச்சின் சாரம்.

எல்லாமே நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். சில முகாம்களில் துப்பாக்கிச் சூடு நடந்து கைதிகள் இறந்தார்கள். பாகிஸ்தான் கண்டித்தது. அதையும் மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை.

விசாரணையில் என்ன கேட்கலாம்? அபிநந்தன் விஷயத்தில் நடந்தது சரியா?

எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் கைதி சொல்லக் கடமைப்பட்டது நான்குதான்: பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண். மற்றதைச் சொல்ல மறுத்தால் அடிக்கவோ மிரட்டவோ அவமானப்படுத்தவோ வசதிகளைக் குறைக்கவோ கூடாது.

2019 பிப்ரவரி 27 அன்று விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமானின் மிக்-21 விழுந்து பாகிஸ்தான் தரப்பில் பிடிபட்டபோது தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. மேற்கொண்டு கேட்ட கேள்விகளுக்கு அவர் 'அதைச் சொல்லக் கூடாது' என்று மரியாதையாக மறுத்தார் அல்லவா? விதி சொல்வது அதைத்தான். அவரைக் கும்பலிடமிருந்து மீட்ட பாகிஸ்தான் ராணுவத்தினர் தங்கள் கடமையைச் செய்தார்கள். ஆனால் கண்ணைக் கட்டி, முகத்தில் ரத்தத்தோடு இருந்தவரைப் படம்பிடித்து வெளியிட்டது தவறு. 13-ஆவது பிரிவு கைதியைப் பொதுமக்களின் வேடிக்கைப் பொருளாக்குவதைத் தடுக்கிறது. அவர் தேநீர் குடிக்கும் காணொளிக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து. அதே அளவுகோலை நம் பக்கத்துக்கும் வைக்க வேண்டும்: பிடிபட்ட எதிரியின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சிரிப்பதும் அதே தவறுதான். மார்ச் 1 அன்று அவர் வாகா வழியாகத் திரும்பினார்.

கைதிகளிடம் வேலை வாங்கலாமா?

சாதாரண வீரர்களிடம் வாங்கலாம், கூலி கொடுக்க வேண்டும். ஹவல்தார் போன்றவர்களை மேற்பார்வைக்கு மட்டும் பயன்படுத்தலாம். அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது. கண்ணிவெடி அகற்றுவது போன்ற ஆபத்தான வேலைக்குத் தானாக முன்வந்தால் ஒழிய அனுப்பக் கூடாது.

இந்த விதிகளுக்குப் பின்னால் நம்மவர் ரத்தமும் இருக்கிறது. 1942-43-இல் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதையில் சுமார் 60,000 நேசநாட்டுக் கைதிகள் வேலை செய்தார்கள். 12,000-க்கும் மேல் இறந்தார்கள். அதைவிடப் பல மடங்கு சாவு ஆசியத் தொழிலாளர்களிடையே. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அதில் பெரும் எண்ணிக்கை. அவர்கள் படைவீரர்கள் இல்லை, அதனால் கைதிகளாகக்கூட எண்ணப்படவில்லை. வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியலே இல்லை.

தப்பி ஓடினால் சுடலாமா?

கடைசி வழியாக மட்டும், முன்னெச்சரிக்கை கொடுத்த பிறகு. தப்ப முயல்வதைக் குற்றமாக உடன்படிக்கை பார்க்கவில்லை. மறுபடி பிடிபட்டால் ஒழுங்கு நடவடிக்கை மட்டுமே, அதுவும் அதிகபட்சம் 30 நாள்.

1972 ஆகஸ்ட் 13 இரவு, ராவல்பிண்டி முகாமின் சுவரைத் துளைத்து மூன்று இந்திய விமானிகள் தப்பினார்கள்: திலீப் பருல்கர், கரேவால், ஹரிஷ் சின்ஹ்ஜி. பெஷாவர் போய், அங்கிருந்து ஆப்கன் எல்லைக்குச் சில கிலோமீட்டர் தூரத்திலுள்ள லண்டி கோட்டல்வரை போய்விட்டார்கள். அங்கே லண்டி கானா ரயில் நிலையத்துக்கு வழி கேட்டதுதான் வினையாகிவிட்டது. அந்த நிலையம் 1932-லேயே மூடப்பட்டது! சந்தேகப்பட்டுப் பிடித்தார்கள். பழங்குடிப் பகுதி, என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். பருல்கர் சமயோசிதமாக, தங்கள் பழைய முகாம் அதிகாரிக்குப் போன் போடச் சொன்னார். அந்த அதிகாரி அப்போது பாகிஸ்தான் விமானப்படைத் தலைவரின் உதவியாளர். "அவர்கள் எங்கள் ஆட்கள்" என்று அவர் சொன்ன சொல் மூன்று உயிர்களைக் காப்பாற்றியது.

கைதிகளைக் கொடுமைப்படுத்திய தளபதிகளுக்குத் தண்டனை கிடைத்திருக்கிறதா?

கிடைத்திருக்கிறது, ஆனால் தோற்றவர்களுக்கே பெரும்பாலும். பிலிப்பைன்ஸில் 1942 ஏப்ரலில் பட்டானில் சுமார் 75,000 அமெரிக்க, பிலிப்பைன்ஸ் வீரர்கள் சரணடைந்தார்கள். ஜப்பானியத் தளபதி ஹோமாவின் பணி அதிகாரிகள் இதைவிட வெகு குறைவாகக் கணக்கிட்டிருந்தார்கள். லாரி இல்லை, சோறு இல்லை. மலேரியாவும் பட்டினியுமாக இருந்தவர்களைச் சுமார் 100 கிலோமீட்டர் வெயிலில் நடத்தினார்கள். விழுந்தவர்களைக் குத்தினார்கள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1946-இல் ஹோமாவுக்கு மரண தண்டனை.

1982-இல் அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்து தீவுப் போரில் பிரிட்டிஷாருக்கும் இதே சிக்கல்தான். 11,000 அர்ஜென்டினர்கள், கடும் குளிர், கூடாரங்கள் ஏற்றிவந்த கப்பல் ஏற்கெனவே மூழ்கியிருந்தது. அவர்கள் தங்கள் பயணிகள் கப்பலான கான்பெராவையே எடுத்து ஆயிரக்கணக்கான கைதிகளை ஏற்றி ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். "ஏற்பாடு செய்ய முடியவில்லை" என்று ஒரு தளபதி சொன்னால், இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

போர் முடிந்ததும் விடுவிக்க வேண்டாமா? 1971 கைதிகளை ஏன் அவ்வளவு நாள் வைத்திருந்தோம்?

விடுவிக்க வேண்டும். சண்டை ஓய்ந்ததும் தாமதமின்றி என்று 118-ஆவது பிரிவு சொல்கிறது. மேற்கு முனையில் இருபக்கமும் பிடிபட்ட சில நூறு பேர் 1972 டிசம்பர் 1 அன்று ஊர் திரும்பினார்கள். ஆனால் கிழக்கில் பிடிபட்டவர்களின் திரும்புதல் 1973 செப்டம்பரில்தான் தொடங்கியது.

இந்தியா சொன்ன காரணம், சரண் இந்திய–வங்காளதேசக் கூட்டுப்படையிடம் நடந்தது, வங்காளதேசம் சம்மதிக்காமல் விட முடியாது என்பது. பாகிஸ்தானோ அப்படி ஒரு நாட்டையே ஏற்கவில்லை. வங்காளதேசம் 195 பேரைப் போர்க்குற்றத்துக்கு விசாரிக்க விரும்பியது. பாகிஸ்தானிலும் லட்சத்துக்கு மேற்பட்ட வங்காளிகள் சிக்கியிருந்தார்கள். இவர்களைத் திருப்பியனுப்ப 1973 ஆகஸ்டில் டெல்லி ஒப்பந்தம் வந்தது. 1974 பிப்ரவரியில் பாகிஸ்தான் வங்காளதேசத்தை அங்கீகரித்தது. ஏப்ரலில் மூன்று நாடுகளும் கையெழுத்திட்டபோது, 195 பேர் மீதான விசாரணையும் கைவிடப்பட்டது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். முகாம்களில் நடத்திய விதத்துக்காக இந்திய ராணுவத்தைப் பாராட்டலாம். ஆனால் இருபது மாதத்துக்கு மேல் வைத்திருந்தது 118-ஆவது பிரிவுக்கு ஒத்துவராது. சாதாரண சிப்பாய் பேரத்துக்குரிய பொருள் ஆகிவிட்டான். அந்த 195 பேர் விசாரணையே இல்லாமல் போனது வங்காளதேச மக்களுக்கு இழைத்த அநீதி.

இந்தியப் பக்கத்திலும் ஆறாத காயம் உண்டு. காணாமல் போன 54 வீரர்கள் பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாக அவர்கள் குடும்பங்கள் நம்பின. 2007-இல் உறவினர்கள் சிலர் அங்கே சிறை சிறையாகப் போய்த் தேடினார்கள். யாரும் கிடைக்கவில்லை.

உள்நாட்டுப் போரில் பிடிபட்டவர்களுக்கு இந்த உரிமைகள் உண்டா?

முழுமையாக இல்லை. சட்டப்படி "போர்க்கைதி" என்ற நிலை அங்கே வராது. ஆனால் நான்கு ஜெனிவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3-ஆவது பிரிவு உண்டு. ஆயுதத்தைக் கீழே வைத்தவரைக் கொல்லக் கூடாது, சித்திரவதை செய்யக் கூடாது, முறையான நீதிமன்றம் இல்லாமல் தண்டிக்கக் கூடாது.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது, வட்டுவாகல் பகுதியில் கணவரையும் பிள்ளைகளையும் தங்கள் கையாலேயே ராணுவத்திடம் ஒப்படைத்ததாகச் சொல்லும் தாய்மார் இருக்கிறார்கள். சரணடைந்தோர் பட்டியலைக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பந்தல் போட்டு, மடியில் புகைப்படத்தோடு உட்கார்ந்தார்கள். பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். அவர்கள் கேட்பது இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லிவரும் அதே தாள்தான். யாரை, எந்தத் தேதியில், யார் பொறுப்பேற்றது?

பழந்தமிழ் அரசர்கள் கைதிகளை எப்படி நடத்தினார்கள்?

பெருமைப்படும்படி மட்டும் இல்லை. பிடிபட்ட பெண்களைக் கொண்டி மகளிர் என்று கோயில் விளக்கேற்றும் பணியில் வைத்தார்கள். கனக விசயர் தலையில் கல் ஏற்றிய சிலப்பதிகாரக் கதை எல்லோருக்கும் தெரியும். செங்குட்டுவன் பிறகு அவர்களை விடுவித்து மாளிகையில் தங்கவைத்ததும் அதே காப்பியத்தில்தான் வருகிறது.

எனக்கு மறக்க முடியாதது புறநானூற்றின் 74-ஆம் பாட்டு. சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடக்கிறான். தண்ணீர் கேட்கிறான். காவலர் உடனே தரவில்லை. தாமதமாக வந்த தண்ணீரைக் கையில் வாங்கி, குடிக்காமலே, சங்கிலியில் கட்டிய நாயைப் போல வைத்திருப்பவனிடம் இரந்து உண்பதா என்று பாடி உயிர்விட்டான் என்பது பாட்டின் அடிக்குறிப்பு. அந்தச் செம்புத் தண்ணீரைத் தாமதமாகக் கொண்டுவந்த காவலனின் பெயர் நமக்குத் தெரியாது. அவன் அரசன் பெயர்தான் இன்றும் அந்தக் குறிப்பில் நிற்கிறது.

என் தாத்தா இரண்டாம் உலகப்போரில் கைதியாக இருந்தார். அவரைப் பற்றி எங்கே விசாரிப்பது?

பிடிபட்ட ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதி ஜெனிவாவிலுள்ள, போர்க்கைதிகள் பற்றிய தகவல் திரட்டும் மத்திய முகமைக்கு அனுப்புவது முறை. அந்த ஆவணங்கள் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் காப்பகத்தில் இருக்கின்றன. முதல் உலகப்போர் அட்டைகளை அவர்கள் இணையதளத்தில் நீங்களே தேடலாம். இரண்டாம் உலகப்போருக்கு விண்ணப்பிக்க வேண்டும். குறிப்பிட்ட காலங்களில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் ஏற்கிறார்கள் என்பதால் தளத்தை அவ்வப்போது பாருங்கள். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தில் இந்திய வீரர்கள் பலரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

தேடும் முன் வீட்டில் பழைய பென்ஷன் புத்தகம், பதக்கத்தின் விளிம்பு, டிரங்குப் பெட்டியில் கிடக்கும் டிஸ்சார்ஜ் சான்றிதழ் எல்லாவற்றையும் பார்த்துப் படை எண்ணையும் ரெஜிமென்ட் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அக்கால எழுத்தர்கள் முனுசாமியை நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். எண் மாறாது.